வயசு என்று சொல்லப்பட்ட வருத்தம்

அம்மம்மா விறுவிறு எண்டு நடக்கிற மனுசி. கோயிலுக்கு அவவோடை போறதெண்டால் நாங்கள் பின்னாலை ஓடத்தான் வேணும். அந்த நடைதான் முதலில் மாறியது. சின்னச் சின்ன எட்டு, பாதம் நிலத்தோடு ஒட்டினமாதிரி தேய்ச்சுத் தேய்ச்சு. பிறகு கைக்காசு எண்ணக் கனநேரம் எடுத்தது. தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்துவிட்டு, அடுத்தது என்ன செய்ய வேணும் என்று யோசித்தபடி அடுப்படியில் நிற்பா. ஆக்களின் பெயர் மறக்கவில்லை. பழைய கதைகள் ஒன்றும் மறக்கவில்லை. எல்லாம் மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். ரிவி நாடகத்தில் ஆரும் அழுதால் அவவும் அழத் தொடங்குவா. தொடங்கினால் அவவாலேயே நிப்பாட்ட ஏலாது.

வீட்டில் எல்லாரும் இதுக்குச் சொன்னது ஒரே சொல். "வயசு."

கிணத்தடியில் விழுந்த பிறகுதான் தலையை ஸ்கான் எடுத்தது. அறிக்கை முழுக்க ஆங்கிலம். அதைப் பார்த்த டொக்டர் "பிறஷரால வந்தது, பழசு" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டைக் கையில் எடுத்தார். வெளியில் அவ்வளவு சனம் நிற்கிறது, அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அந்தப் "பழசு" என்ற சொல் எனக்குள் இருந்து போகவில்லை. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற பிள்ளை. பழசு என்றால் எவ்வளவு பழசு, எந்த ஆண்டிலிருந்து என்று கேட்கத்தானே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கினம்? அப்பிடித் தேடித் தேடி வாசித்ததுதான் இந்தக் கட்டுரை. மருத்துவபீடத்தில் படிக்கிற சிநேகிதி ஒருத்தி வாசித்துப் பிழை திருத்தித் தந்தாள். அதுக்குப் பிறகும் பிழை இருந்தால் அது என்ரை.

தேடத் தொடங்கியதும் முதலில் வந்து நின்ற ஆள் எங்கட ஊர்க்காரர் மாதிரியே. மானிப்பாய்க்குப் போனவர்களுக்கு கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை தெரிந்திருக்கும். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் என்ற ஊரில் பிறந்தவர். 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டே உள்ளூர்ப் பெடியளுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். பிறகு, 1860களில், தமிழிலேயே படிப்பிக்க வேணும் என்று முடிவெடுத்தார். தமிழில் புத்தகம் இல்லை. அப்ப என்ன செய்யிறது? தானும் தன் மாணவர்களுமாக இருந்து மொழிபெயர்த்தார்கள். உடலமைப்புக்கு ஒரு நூல், சத்திரசிகிச்சைக்கு ஒரு நூல், மகப்பேற்றுக்கு ஒரு நூல், இரசாயனத்துக்கு 1875 இல் 'கெமிஸ்தம்'. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 'மனுஷ சுகரணம்' என்று ஒன்று. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். கவிஞர் அம்பி அவரை 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்று ஒரு நூலுக்கே தலைப்பிட்டு எழுதியிருக்கிறார்.

நூற்றைம்பது வருசத்துக்கு முதல் மானிப்பாயில் ஒரு பெடியன் இதயத்தையும் குருதிக் குழாயையும் தமிழில் படித்திருக்கிறான். நான் என்ரை அம்மம்மாவின் தலைக்குள்ளே என்ன நடந்தது என்று அறிய ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கமாகச் சொல்கிறேன்.

ஆனால் கிறீனுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் ஒரு விசயம் தெரிய வழியே இருக்கவில்லை. குருதிக்கு ஓர் அமுக்கம் இருக்கிறது என்பது தெரிந்ததுதான். 1733 இலேயே ஸ்ரீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, இரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறுவதைக் காட்டியிருந்தார். உயிருள்ள மனிசரில் அப்பிடிச் செய்து பார்க்க ஏலுமா? கையில் பட்டியைக் கட்டி அமுக்கத்தை எண்ணாகச் சொல்லும் கருவி 1896 இல்தான் வருகிறது. கிறீன் 1884 இலேயே இறந்துவிட்டார். மானிப்பாயில் கையில் நாடி பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு கிழவருடைய நாடி கடினமாகத் துடிக்கிறது என்று விரல் சொல்லியிருக்கும். எவ்வளவு என்று சொல்லியிருக்காது.

மற்றக் கதைக்குப் போக முதல் தலைக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மிச்சம் விளங்காது.

எங்கட சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் நாடி, நாளம் என்று படித்தோமே (தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமனி, சிரை என்று படிப்பார்கள்). நாடி கிளைவிட்டுக் கிளைவிட்டுச் சின்னதாகும்போது அதைப் புன்னாடி என்கிறோம். மூளை எங்கட நிறையில் ஏறக்குறைய 2 வீதம்தான். ஆனால் உடம்பு எடுக்கிற ஒட்சிசனில் ஏறக்குறைய 20 வீதத்தை அது எடுத்துக்கொள்ளும். தனக்கென்று சேமித்தும் வைக்காது. அதனால் குருதி நில்லாமல் வந்துகொண்டே இருக்க வேணும்.

மூளையின் மேற்பரப்புக்குப் போகிற குழாய்கள் படிப்படியாகச் சிறுக்கின்றன, அமுக்கமும் படிப்படியாகக் குறைகிறது. ஆழத்துக்குப் போகிறவை அப்படி இல்லை. அரை மில்லிமீற்றரும் இல்லாத பல புன்னாடிகள் பெரிய நாடியிலிருந்து நேரடியாகப் பிரிந்து உள்ளே போகின்றன. தோட்டத்துக்கு இறைக்கிறவர்களுக்கு இது லேசாக விளங்கும். வோட்டர் பம்மிலிருந்து வருகிற பெரிய குழாயில் துளைபோட்டு, நேரே ஒரு சேலைன் ரியூப்பைச் செருகினால் எப்படி இருக்கும்? பம்மின் முழுத் தள்ளலும் அந்தச் சின்ன ரியூப்பில் விழும். பிறஷர் கூடின ஆளுக்கு அந்த ரியூப்பில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு அடி. ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் துடிப்பு.

புன்னாடியின் சுவரில் தசை இருக்கிறது. சுருங்கி விரிந்து வேலை செய்கிறது அதுதான். அடி வாங்கி வாங்கி அது தடிக்கிறது. பிறகு அந்தத் தசையே செத்து, அந்த இடத்தைக் கண்ணாடி போல வழுவழுத்த ஒரு புரதப் பொருள் நிரப்புகிறது. இதுக்குப் பிறகு மூன்று விதமாக நடக்கலாம். குழாய் முற்றாக அடைபட்டால், அது போசித்த இடம் செத்துக் கரைந்து, சில மில்லிமீற்றரிலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரைக்கும் ஒரு சின்னக் குழி மிஞ்சும். வெடித்தால் மூளைக்குள் இரத்தம் பெருகும், நாங்கள் பாரிசவாதம் என்று பயப்படுகிறதில் மிக மோசமானது அது. இரண்டும் இல்லாமல் குழாய் விறைத்து, விரிய முடியாமல், கசிந்தபடி கிடந்தாலும் கேடுதான். மூளையின் ஒரு பகுதியிலிருந்து மற்றப் பகுதிக்குச் செய்தி கொண்டுபோகிற வயர்கள் ஓடுகிற வெண்பொருள் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். வயர் பழுதானால் நினைவு அழியாது. செய்தி போய்ச்சேரத்தான் நேரமெடுக்கும்.

இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுப்படியில் நின்ற அம்மம்மா.

இதில் கெட்ட விசயம், இவ்வளவும் நடக்கும்போது ஒன்றும் நோகாது. ஒரு குழி விழும். அந்த இடம் முக்கியமில்லாத இடமென்றால் ஆளுக்கே தெரியாது. இரண்டாவது விழும், மூன்றாவது விழும். ஒரு நாள் நடை மாறும்.

இந்தக் குழியை முதலில் கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் வைத்த பெயர் 'லக்யூன்'. வெறும் குழி, இடைவெளி என்றுதான் அர்த்தம். அம்மம்மாவின் அறிக்கையில் இருந்த வாய்க்குள் நுழையாத சொல்லின் பூர்வீகம் அதுதான். 1838 இலேயே அந்தச் சொல் மருத்துவ எழுத்தில் வந்துவிட்டது, கிறீன் யாழ்ப்பாணம் வர ஒன்பது வருசத்துக்கு முதல். ஆனால் குழி ஏன் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

1868 இல் பரிசில் ஷார்க்கோவும் அவருடைய மாணவர் பூஷாரும் ஒரு வேலை செய்தார்கள். மூளைக்குள் இரத்தம் பெருகி இறந்தவர்களின் மூளையைத் தண்ணியில் ஊறவிட்டு, சதை எல்லாம் கரைந்து போக, மிஞ்சின குழாய் வலையை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சின்ன நாடிகளில் சாமை, தினை போல வீங்கிய முடிச்சுகள். அவை வெடித்துத்தான் இரத்தம் பெருகுகிறது என்றார்கள். பிற்காலத்தில் நுணுக்குக்காட்டியால் திரும்பப் பார்த்தவர்கள், அந்த முடிச்சுகளில் கன பேர் முறுக்கிச் சுருண்ட சாதாரணக் குழாய்கள்தான் என்று சொல்லி அவர்கள் கதையின் பாதியை உடைத்துவிட்டார்கள். என்றாலும் பெரிய நாடியை விட்டுவிட்டுச் சின்னதைப் பார் என்று விரல் காட்டியது அவர்கள். அதே பத்தாண்டில் மானிப்பாயில் தமிழ்ப் பெடியள் தமிழில் இரண வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க ஒரு விதமாக இருக்கிறது.

அமுக்கத்தையும் இந்தச் சின்னக் குழாயையும் சேர்த்து யோசித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரெடெரிக் அக்பர் மொஹமட். பெயரைப் பாருங்கோ. இவருடைய தாத்தா சேக் டீன் மொஹமட் பட்னாவில் பிறந்தவர். லண்டனில் 1810 இல் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்து நட்டப்பட்டு, பிறகு பிறைற்றனில் எண்ணெய் தேய்த்துவிடுகிற குளியல் நிலையம் நடத்திப் பேரெடுத்தவர். 'ஷாம்பூ' என்ற சொல் இங்கிலாந்தில் பரவினதில் இவருக்குப் பங்கு உண்டு. பேரன் லண்டன் கைஸ் வைத்தியசாலையில் டொக்டர். மணிக்கட்டு நாடியில் வைத்தால் துடிப்பைப் புகைபிடித்த தாளில் கோடாகக் கீறுகிற ஒரு கருவி இருந்தது. அதைத் திருத்தியமைத்து, நூற்றுக்கணக்கான ஆட்களில் வைத்துப் பார்த்தார். அதுவரைக்கும் அமுக்கம் கூடுவது சிறுநீரக வருத்தத்தால் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். மொஹமட் 1870களில் சொன்னார்: இல்லை, சிறுநீரகம் சரியாக இருக்கிற, சுகமாக நடந்து திரிகிற ஆட்களிடமும் அமுக்கம் கூடி இருக்கிறது. அதுதான் முதலில் வருகிறது. நாடியும் சிறுநீரகமும் பழுதாகிறது பிறகு.

சுகமாக நடந்து திரிகிற ஆட்கள். எங்கட ஊரில் பாதிப் பேர்.

அவர் 1884 நவம்பரில் நெருப்புக்காய்ச்சலில் இறந்தார், வயது 35. கிறீன் அதே ஆண்டு மே மாதம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் என்ரை குறிப்புக் கொப்பியில் இரண்டு திகதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1896 இல் இத்தாலியின் றிவா-றொச்சி கையில் கட்டுகிற பட்டியைக் கண்டுபிடித்தார். 1905 இல் ரஷ்யாவின் கொரொட்கோவ், பட்டிக்குக் கீழே குழாய் வைத்துக் கேட்டால் மேல் எண்ணும் கீழ் எண்ணும் கேட்கும் என்று கண்டார். இன்றைக்கும் கிளினிக்கில் மிஸ்ஸி செய்கிறது அதைத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் 1901 இல் பரிசில் பியர் மாரி, பிசேத்தர் முதியோர் வைத்தியசாலையில் இறந்தவர்களின் மூளையில் இந்தக் குழிகளைத் தேடி எழுதினார். குழி உள்ளவர்கள் எப்படி இருப்பார்கள்? சின்ன எட்டாக நடப்பார்கள். காரணமில்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள். லேசாகக் கைகால் இழுத்து, பிறகு சரியாகிவிடும். 1901 இல் ஒரு பிரெஞ்சுக்காரர் எங்கட அம்மம்மாவைப் பார்த்து எழுதினமாதிரி. ஆனால் அவரும் அதை நாடி முதிர்ச்சி என்றுதான் வைத்தார். அதாவது, வயசு.

அளக்கக் கருவி வந்த பிறகும் அம்பது வருசம் உலகம் சும்மா இருந்தது. இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். அமுக்கம் கூடுவது உடம்புக்கு 'அவசியமான' ஒன்று, சுருங்கின குழாய்க்குள்ளால் இரத்தத்தைத் தள்ள உடம்பே செய்கிற ஏற்பாடு, அதைக் குறைக்கப் போனால் கூடாது என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் மிச்சம் இன்னும் ஆங்கிலப் பெயரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காரணம் தெரியாமல் வருகிற பிறஷருக்கு மருத்துவப் புத்தகங்களில் 'எசென்ஷியல்' என்றுதான் பெயர்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றைப் பாருங்கோ. 1944 மார்ச்சில் ஹவர்ட் புறூன் என்ற இளம் இதய வைத்தியர் அளந்தபோது 186க்கு 108. இதயமும் தளர்ந்துவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார், ஓய்வெடுக்கச் சொன்னார். அமுக்கத்துக்கென்று கொடுக்க உருப்படியான மருந்து ஒன்றும் இல்லை. அப்படியே நாலாம் முறையும் தேர்தலில் நின்று வென்றார், யால்ற்றா மகாநாட்டுக்குப் போனார். 1945 ஏப்ரல் 12, படம் கீறுவதற்காக அமர்ந்திருந்தபோது பின்தலை நோகிறது என்றார், மயங்கினார். அப்போது அமுக்கம் 300க்கு 190. அன்றைக்கே முடிந்தது. இதை ஆரும் எதிர்பார்க்கவில்லை என்று அவருடைய பிரதான வைத்தியர் சொன்னார். எண் எழுதப்பட்டே இருந்தது. யால்ற்றாவில் அவரோடு இருந்த மற்ற இருவரில் ஸ்ராலின் 1953 இல் மூளையில் இரத்தம் பெருகி இறந்தார், சேர்ச்சிலுக்கு 1949 இலும் 1953 இலும் பாரிசவாதம் வந்தது. உலகத்தைப் பங்கு போட்ட மேசையில் மூன்று பேரின் புன்னாடிகளும் இருந்தன என்று பரீட்சையில் எழுதினால் மாக்ஸ் வராது. இங்கே எழுதலாம்.

மருந்து வந்த வழி எங்கட பக்கத்தால். சர்ப்பகந்தி என்று ஒரு செடி, இந்தியாவிலும் இலங்கையிலும் வளருகிறது. பாம்புக்கடிக்கும் விசருக்கும் நித்திரையின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் அதன் வேரைக் கொடுத்தார்கள். 1931 இல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு வைத்தியர்கள் இந்த வேர் இரத்த அமுக்கத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுத்தார். மேற்குலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949 இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரித்தானிய இதய மருத்துவ சஞ்சிகையில் எழுதின பிறகுதான் பார்த்தது. 1952 இல் சுவிற்சர்லாந்தின் சீபா கொம்பனி அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தது. ஆளை மனச்சோர்வில் தள்ளும் என்ற முறைப்பாட்டால் இன்றைக்கு அது அவ்வளவாகப் பாவனையில் இல்லை. ஆனால் அமெரிக்காவில் முன்னாள் படையினர் 143 பேரில் நடந்த ஆய்வு 1967 இல் வெளிவந்தபோது, மருந்து கொடுத்தால் பாரிசவாதமும் மரணமும் குறையும் என்பது முதல்முறையாக ஐயமில்லாமல் நிரூபணமானது. அந்த ஆய்வில் கொடுத்த மூன்று மருந்தில் ஒன்று ரெசர்ப்பின். பாட்டி வைத்தியமே எல்லாத்துக்கும் காணும் என்று சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படி ஷெயார் பண்ண வேண்டாம். வேரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அளவாக்கி, மருந்து எடுத்தவரையும் எடுக்காதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களே, அதுதான் கதை.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர் மில்லர் பிஷர், கனடாக்காரர். இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கி ஜேர்மனியரிடம் கைதியாக இருந்தவர். பிறகு பொஸ்ரனில் நரம்பியல் வைத்தியர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்து, 114 மூளைகளில் 376 குழிகளைக் கண்டு 1965 இல் எழுதினார். அந்த 114 பேரில் 111 பேருக்குப் பிறஷர் இருந்தது. அதோடு விடவில்லை. குழி இருந்த இடத்தை மெல்லிய சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு சீவலையும் கண்ணாடியில் வைத்து, எந்தப் புன்னாடி எந்த இடத்தில் அடைபட்டது என்று பின்னால் போய்ப் பிடித்தார். பியர் மாரியின் 'வயசு' அங்கேதான் உடைந்தது. பொஸ்ரன் இருப்பதும் மாசாசூசெற்ஸில். அதே மாநிலத்தில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 இலிருந்து 5,209 பேரை வருசக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுதான், நோகாத பிறஷரும் ஆளைக் கொல்லும் என்று காட்டியது. அங்கிருந்து மேற்கே கொஞ்சத் தூரம் போனால் வூஸ்ரர். கிறீனின் கல்லறை அங்கேதான்.

இனி "பழசு" என்ற சொல்லுக்கு வாறன்.

அம்மம்மாவுக்குப் பிறஷர் என்று முதலில் சொன்னது 1992 இலோ 93 இலோ. அவ அப்போது நாற்பதுகளில். சண்டை 1990 ஜூனில் திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. பற்றரிகூட வர விடமாட்டார்கள். இரசம் நிரப்பின பழைய பிறஷர் கருவிக்கு மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம் என்பதால் அளக்க மட்டும் முடிந்தது. மருந்துதான் தட்டுப்பாடு. செஞ்சிலுவைக் கப்பலில் வந்தது எத்தனை பேருக்குக் காணும்? காயக்காரர் வரிசையில் கிடக்கும்போது, ஒன்றும் நோகாத ஒரு மனுசி "என்ரை பிறஷர்க் குளிசை" என்று போய்க் கேட்குமா? கேட்கவில்லை என்று அவவே சொன்னா. "எனக்கு என்ன, நான் நல்லாத்தானே நிண்டனான்."

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள்ளே நின்ற கதையை எங்கட வயதுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்போம். அம்மம்மா உறுதிக்கட்டும் நகையும் அம்மாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் எடுத்தா. கிளினிக் கொப்பி வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் கதவும் இல்லை, கொப்பியும் இல்லை. 1996 இல் வந்தவ 1999 வரைக்கும் திரும்பக் கிளினிக் போகவில்லை. பிறகு ஒழுங்காகப் போனா. 2006 ஓகஸ்ரில் ஏ9 பாதை மூடினபோது திரும்ப ஒரு குழப்பம், இருந்த குளிசையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டதாம். 2022 இல் நாடே மருந்துக்கு அலைந்தபோது அம்மா கடைகடையாக ஏறி இறங்கினதை நானே பார்த்தேன்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் எத்தனை வருசம் அந்தச் சின்னக் குழாய்கள் பம்மின் முழுத் தள்ளலையும் வெறுமனே வாங்கியிருக்கும்? எந்தக் குழி எந்த வருசத்தது என்று எந்த ஸ்கானும் சொல்லாது. சிநேகிதியும் இதைத்தான் அழுத்திச் சொன்னாள்: உன்ரை அம்மம்மாவுக்குப் பிறஷர் ஒழுங்காகக் கட்டுப்பட்டிருந்தாலும் கொஞ்சம் வந்திருக்கலாம், வயசுக்கும் சீனி வருத்தத்துக்கும் பங்கு உண்டு, ஒரு ஆளை வைத்துக் காரணம் சொல்லக் கூடாது. சரி. ஒரு ஆளை வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து வருசம் ஒரு ஆளுக்கு மட்டும் நடக்கவில்லையே. போரில் இறந்தவர்களை எண்ணுகிறோம், கால் இழந்தவர்களை எண்ணுகிறோம், எண்ணவும் வேணும். முப்பது வருசம் கழித்துச் சின்ன எட்டு வைத்து நடக்கத் தொடங்குகிறவர்களை அந்தக் கணக்கில் ஆரும் சேர்ப்பதில்லை. அவர்களை நாங்கள் வயசுக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

விழுந்த குழி திரும்ப மூடாது. ஆனால் புதிசாக விழாமல் பார்க்கலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 9,361 பேரில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களில் லேசான மறதிநிலை குறைவாக வந்தது, வெண்பொருளில் பழுது பெருகுவதும் குறைந்தது. இது 2019 இல் வந்தது. அதுக்காக ஒரே நாளில் இறக்கவும் கூடாது. கனகாலம் உயர்ந்த அமுக்கத்துக்குப் பழகின மூளைக் குழாய்கள் திடீரென்று குறைந்தால் தடுமாறும், வயதானவர் எழும்பும்போது தலைசுற்றி விழுவார். அதனால்தான் டொக்டர்மார் மெதுமெதுவாகக் கூட்டுகிறார்கள்.

இலங்கையிலும் வேலை நடந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியாது. மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கி இலங்கை வைத்தியசாலைகளில் 700 பேரில் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோர் இலக்கைத் தொட்டார்கள், வழமையான சிகிச்சையில் 55 வீதம். 2018 இல் வெளியானது. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் அளந்து, கதைத்து, கிளினிக்குக்கு அனுப்பின இன்னொரு ஆய்வு 2020 இல் வந்தது. இரண்டு வருசத்தில் அந்தக் கிராமங்களில் அமுக்கம் மற்றக் கிராமங்களைவிட 5 இரச மில்லிமீற்றர் அளவு கூடுதலாகக் குறைந்தது. சின்ன எண் மாதிரித் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் துடிப்பு என்பதை ஞாபகப்படுத்தும் வரைக்கும்.

உப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விடலாமா? 1940களில், மருந்து இல்லாத காலத்தில், அமெரிக்காவில் கெம்ப்னர் என்ற வைத்தியர் பிறஷர்க்காரருக்குச் சோறும் பழமும் சீனியும் மட்டும் கொடுத்துப் பலரில் அமுக்கத்தை இறக்கிக் காட்டினார். சோறா என்று அம்மா சந்தோசப்பட்டா. உப்பில்லாத சோறு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் இல்லாத சோறு எங்கட வீட்டில் சோறே இல்லை.

போன கிழமை சம்பளக்காசில் அண்ணா ஒரு பற்றரிப் பிறஷர் மிசின் வாங்கிக்கொண்டு வந்தான், அம்மம்மாவுக்கென்று. எடுத்த கையோடு அம்மாவுக்குத்தான் முதலில் கட்டினேன். 152க்கு 96.

"இப்பதானே கிணத்தடியால வந்தனான், அதான்."

அஞ்சு நிமிசம் கதிரையில் இருக்கச் சொன்னேன், கதைக்க வேண்டாம் என்றேன். திரும்ப 148க்கு 94.

"மிசின் பிழை பிள்ளை. எனக்கு ஒண்டும் செய்யேல்லை, நான் நல்லாத்தான் நிக்கிறன்."

அண்ணா என்னைப் பார்த்தான். நான் எண்ணைக் கொப்பியில் எழுதினேன், திகதி போட்டு. மூலையில் இருந்த அம்மம்மா மெதுவாகக் கையை நீட்டினா. "எனக்கும் ஒருக்கா கட்டு மோனை."